ட்ரக்டர் பெட்டி (ட்ரெயிலர்) இழுக்கேக்க டொங் டொங் எண்டு கேக்குதா? கொழுவுற இடத்தில வாற பிழையளும் பாக்கிற முறையும்

போன கிழமை ஒரு அண்ணை ட்ரக்டரும் பெட்டியுமா வந்து இறங்கினார். "தம்பி ஒருக்காப் பார், எடுக்கேக்க சத்தம் கேக்குது, கிறீஸ் அடிச்சனான், கேக்குதில்லை" எண்டார். கொழுவியிருந்த பின்னை (பெட்டியைப் பூட்டுற இரும்பு ஆணியை) கழட்டிப் பாத்தால் அது பின்னே இல்லை, வீட்டுக்குக் கொங்கிறீற் போட்டு மிஞ்சின 16 மில்லிமீற்றர் முறுக்குக் கம்பி. மேல தலைக்கு வளைச்சு விட்டு, கீழ கட்டுக்கம்பியால முறுக்கிக் கிடக்கு. நடுவில ரெண்டு இடத்தில இடுப்பு மாதிரி ஒடுங்கி, சுண்டுவிரலை வைச்சால் விரல் அதுக்குள்ள வடிவாப் படுக்குது. உதிலதான் ரெண்டு மாசமா கல்லும் மண்ணும் ஏத்தினவராம். கம்பிக்கு வந்த சேதத்தைப் பற்றி எனக்குக் கவலையில்லை, அது போனால் போகட்டும், ஆனா அந்தக் கம்பி ஆடி ஆடி ட்ரோபார் (ட்ரக்டருக்குப் பின்னால பெட்டி கொழுவுற இரும்புச் சட்டம்) ஓட்டையை முட்டை வடிவத்துக்குக் கொண்டுவந்திட்டுது, அதுக்குத்தான் காசு போனது.

இந்த மாதிரி மாசத்துக்கு நாலைஞ்சு வருது, எல்லாத்துக்கும் ஒரே கேள்வி, ஒரே பதில், அதால எழுதி வைக்கிறன். உங்களுக்கு எந்தக் குணம் தெரியுதோ அந்தத் தலைப்புக்குப் போங்கோ. லேசான, காசில்லாத காரணம் முதல்ல, காசு கூடின காரணம் கடைசியில.

தொட முதல் ஒரு விசயம். மட்டமான தரையில விட்டு, என்ஜினை நிப்பாட்டி, பெட்டியின்ர ரெண்டு சில்லுக்கும் முன்னால பின்னால கல்லு வைச்சிட்டுத்தான் கொழுக்கிக்குக் கிட்டப் போறது. கொழுவேக்க ட்ரக்டருக்கும் பெட்டிக்கும் நடுவில ஒருத்தரும் நிக்கக்கூடாது, ஓடுறவர் பின்னுக்கு எடுத்து நிப்பாட்டி கியரை நியூட்ரலுக்குப் போட்டு பிறேக்கைப் பிடிச்சாப்பிறகுதான் மற்றவர் பின்னோட உள்ள போகோணும். பிள்ளையளை இந்த வேலைக்குக் கூப்பிடவே கூப்பிடாதேங்கோ.

எடுக்கேக்கயும் பிறேக் பிடிக்கேக்கயும் "டொங்" எண்டு இடிக்குது

வாறதில அரைவாசி இதுதான். முதல்ல சத்தம் எப்ப வருது எண்டு பிரிச்சுப் பாருங்கோ.

எடுக்கேக்க ஒண்டு, நிப்பாட்டேக்க ஒண்டு எண்டால் பின்னுக்கும் ஓட்டைக்கும் இடையில லூஸ். வளைவில மட்டும் கிறீச்சிட்டால் காய்ஞ்சு போச்சு, துடைச்சுப்போட்டு கிறீஸ் வைச்சால் சரி. குழி விழுந்த ஒழுங்கையில மட்டும் கடகட எண்டால் அனேகமா கொழுக்கி இல்லை, பெட்டியின்ர பின்கதவுக் கொண்டியோ, ஸ்பிறிங் யூ போல்ட்டோ, அதைப் பாத்திட்டு வாங்கோ.

லூஸ் எண்டு தெரிஞ்சால் இந்த ஒழுங்கில:

பின் சரியான சைஸா? கழட்டி எடுத்து வேர்ணியர் (மில்லிமீற்றர் அளக்கிற கருவி) இருந்தால் அளவுங்கோ, இல்லாட்டி பின்னை ஓட்டைக்குள்ள விட்டு ஆட்டிப் பாருங்கோ. லாண்ட்மாஸ்டர் (நடந்து பிடிக்கிற ரெண்டு சில்லு ட்ரக்டர்) கொழுக்கியில ஒண்டு ஒண்டரை மில்லிமீற்றருக்கு மேல ஆடினால் பிழை. ஆனா பெரிய ட்ரக்டரில வளையம் வைச்ச பெட்டி எண்டால் வளையத்துக்கும் பின்னுக்கும் கொஞ்சம் இடைவெளி இருக்கத்தான் வேணும். வரம்பில ஏறி இறங்கேக்க பெட்டி ஒரு பக்கம் சரியும், ட்ரக்டர் மற்றப் பக்கம் சரியும், இடைவெளி இல்லாட்டி பின் நெருக்குப்பட்டு வளையும். அதால சின்ன "டக்" எண்டு ஒரு சத்தத்துக்குப் பயப்பிடத் தேவையில்லை. சீற்றில இருக்கிற ஆளுக்கு முதுகில தெரியிற இடி எண்டால்தான் பிழை.

பின் தேஞ்சிட்டுதா? தேயாத தலைப்பக்கம் ஒரு அளவு, தேஞ்ச நடுப்பக்கம் ஒரு அளவு எடுங்கோ. பத்தில ஒரு பங்கு குறைஞ்சிருந்தால், அதாவது 30 மில்லிமீற்றர் பின் 27க்கு வந்திருந்தால், நான் திருப்பிப் போடமாட்டன். சிலர் அரைச் சுத்து திருப்பிப் போட்டு ஓடுவினம், ரெண்டு நாளைக்குச் சத்தம் குறையும், அவ்வளவுதான். லேத் கடையில ஈஎன் 8 உருக்கு எண்டு கேட்டுக் கடைஞ்சு எடுங்கோ. முறுக்குக் கம்பி வேண்டாம், அதில இருக்கிற வரி வரியான மேடு அரம் மாதிரி ஓட்டையை அராவும். மெல்லிசு வேற. தேய வேண்டியது பின்தான், அதுதான் மலிஞ்ச சாமான், அதை நேரத்துக்கு மாத்தினால் ட்ரோபாரும் வளையமும் கனகாலம் நிக்கும்.

ட்ரோபார் போல்ட் லூஸா? கையால ஆட்டித் தெரியாது. ஒராளை மெதுவா முன்னுக்கும் பின்னுக்கும் எடுக்கச் சொல்லிப்போட்டு நீங்கள் பக்கத்தில தள்ளி நிண்டு ரோச் அடிச்சுப் பாருங்கோ. போல்ட்டைச் சுத்தி செங்காவிப் பொடி மாதிரி துரு கொட்டியிருந்தால் அந்தப் போல்ட் அசையுது. இறுக்கிறதோட விடாமல் ஒண்டைக் கழட்டித் தலையில என்ன நம்பர் எண்டு பாருங்கோ, 8.8 இல்லாட்டி 10.9 இருக்கோணும். நம்பரே இல்லாத சும்மா போல்ட் எண்டால் எல்லாத்தையும் மாத்துங்கோ, இழுவைக்கு அது பத்தாது. மாத்தினாப்பிறகு ஒரு லோட் இழுத்திட்டு வந்து திரும்ப ஒருக்கா இறுக்குங்கோ.

ஓட்டை முட்டையாப் போச்சா? புது பின் போட்டும் ஆடினால் இதுதான். இனி நீங்கள் செய்யிற வேலை இல்லை. கனபேர் என்ன செய்யினம் எண்டால் ஓட்டைக்குள்ள வெல்டிங்கை உருக்கி ஊத்திப்போட்டு கிறைண்டரால சுரண்டி விடுவினம், அது ஒரு மாசத்தில திரும்ப வரும், ஏனெண்டால் ஓட்டை வட்டமா இல்லை, பின் ரெண்டு மேட்டில மட்டும் முட்டிக்கொண்டு நிக்கும். சரியான முறை, ஓட்டையைப் பெருசாக் கடைஞ்சு உள்ளுக்கு ஒரு புஸ் (குழாய் மாதிரி இரும்பு வளையம்) இறுக்கிறது. லேத் கடைக்கு ட்ரோபாரைக் கழட்டிக் கொண்டு போங்கோ, ட்ரக்டரோட போனால் அவையும் பேசுவினம்.

வெடிப்பு இருக்கா? இதை விட்டிடாதேங்கோ. வளையம் பெட்டிச் சட்டத்தில ஒட்டியிருக்கிற மூலை, ட்ரோபார் வளைவு, இந்த ரெண்டிலயும்தான் வெடிக்கும். கண்ணுக்குத் தெரியாத வெடிப்புக்கு ஒரு பழைய வித்தை இருக்கு. பெயின்ற்றையும் துருவையும் கம்பிப் பிறஸ்ஸால போக்கி, மண்ணெண்ணெய் பூசி ஒரு இருபது நிமிசம் விடுங்கோ. பிறகு துணியால ஈரமே இல்லாமல் துடைச்சுப்போட்டு, பள்ளிக்கூடத்து வெண்கட்டியைத் தேய்ச்சு வெள்ளையாக்கி விடுங்கோ. வெடிப்பு இருந்தால் உள்ள போன மண்ணெண்ணெய் திரும்ப ஊறி, வெள்ளையில தலைமயிர் மாதிரி ஒரு ஈரக்கோடு வரும். கோடு வந்தால் பெட்டியை இழுக்கிறதை அண்டைக்கே நிப்பாட்டுங்கோ. நல்லா வெல்டிங் தெரிஞ்ச ஆள் வெடிப்பை அடி வரைக்கும் வெட்டித் திறந்து ஒட்டோணும், மேலால ஒரு கோடு இழுத்து விடுறது வேலை இல்லை. வார்ப்புச் சாமான் எண்டால் ஒட்டவே வேண்டாம், மாத்துங்கோ. ட்ரக்டரில வைச்சே ஒட்டுறதெண்டால் பற்றறி வயரைக் கழட்டி, ஏர்த் கிளிப்பை ஒட்டுற இடத்துக்குப் பக்கத்திலேயே கடிக்க வையுங்கோ. தூர எங்கயாவது கடிச்சால் கறண்ட் பெயரிங்குக்குள்ளால ஓடி அதையும் கெடுக்கும்.

பின் தானா மேல ஏறுது, ஓடேக்க கழண்டிட்டுது

கீழ கிளிப் இருக்கா, அது என்ன கிளிப்? பாதிப்பேர் சைக்கிள் ஸ்போக்கோ கட்டுக்கம்பியோதான் வைச்சிருக்கினம். ஆர் எழுத்து மாதிரி வளைஞ்ச கிளிப், இல்லாட்டி வளையம் மடிஞ்சு பூட்டுற லிஞ்ச் பின், விலை ஒரு பிளேன்ரீயும் வடையும் வரும், அவ்வளவுதான், ரெண்டு வாங்கி ஒண்டை ரூல்ஸ் பெட்டிக்குள்ள போடுங்கோ.

கிளிப் இருந்தும் கழண்டதெண்டால் பின் குட்டையா இருக்கு, கிளிப் ட்ரோபாரில உரஞ்சி அறுந்திருக்கு. கிளிப்புக்கு மேல ஒரு தடிச்ச வாசர் வைச்சுப் பாருங்கோ. வாசர் வைக்க இடமே இல்லை எண்டால் நீளமான பின் வேணும்.

கீழயிருந்து மேல பின் போட்டிருக்கிற ஆக்களும் இருக்கினம், ஏனெண்டு கேட்டால் மேல கிளிப் பாக்க வசதியாம். தலை மேலதான் இருக்கோணும். கிளிப் விழுந்தாலும் பாரத்தில பின் கொஞ்ச நேரமாவது நிக்கும்.

எப்பிடி இருந்தாலும் பாதுகாப்புச் சங்கிலி ஒண்டு வேணும். ரெண்டு சங்கிலி எண்டால் கொழுக்கிக்குக் கீழால ஒண்டுக்கொண்டு குறுக்காப் போகட்டும், கழண்டால் பெட்டி மூக்கு அந்தத் தொட்டிலில விழும், றோட்டில குத்தாது. திரும்பேக்க இழுபடாத அளவுக்குத் தளர்வு, ஆனா தார் றோட்டில இழுபடவும் கூடாது. சங்கிலியை அதே பின்னில கொழுவுறது விசர் வேலை, பின் போனால் சங்கிலியும் போச்சு.

பின் கழருதில்லை

யாழ்ப்பாணத்து வல்லைவெளி மாதிரி, பண்ணைக் கடல் பக்கம் மாதிரி உப்புக்காத்துப் பக்கம் நிக்கிற பெட்டியளுக்கும், கடற்கரையில வள்ளம் இறக்கிற பெட்டியளுக்கும் இது வரும். ஆனா முதல் காரணம் துரு இல்லை, இழுவைதான். ட்ரக்டர் பெட்டியைக் கொஞ்சம் இழுத்தபடியோ தள்ளினபடியோ நிண்டால் பின்னை யானையாலயும் எடுக்கேலாது. ஒரு விரல் அளவு முன்னுக்கோ பின்னுக்கோ எடுக்கச் சொல்லுங்கோ. அதிலயும் வரேல்லை எண்டால் பெட்டி மூக்கை ஜொக்கியால மெல்லத் தூக்குங்கோ, பாரம் விட்டதும் பின் கையோட வரும்.

அப்பவும் வரேல்லை எண்டால்தான் துரு. டபிள்யூடி 40 இல்லாட்டி மண்ணெண்ணெயும் டீசலும் கலந்து விட்டு இரவிரவா ஊற விடுங்கோ, காலமை கீழயிருந்து ஒரு மரக்கட்டை வைச்சுத் தட்டுங்கோ. சுத்தியலால நேரா அடிச்சால் பின் நுனி காளான் மாதிரி விரிஞ்சு பிறகு எந்தக் காலத்துக்கும் வராது. காஸ் அடிச்சுச் சூடாக்கிறதை கராச்சில விடுங்கோ, ஹைட்ரோலிக் ஓசும் ஒயில் சீலும் கிட்டத்தான் இருக்கு.

ட்ரக்டரின்ர முன்சில்லு தூக்குது, ஸ்ரேறிங் லேசாப் போச்சு

மற்றதெல்லாம் காசு நட்டம், இது உயிர்.

முதல்ல லோட் எங்க இருக்கெண்டு பாருங்கோ. ஒற்றை அச்சுப் பெட்டியில கல்லெல்லாத்தையும் முன்னுக்குக் குவிச்சால் அந்தப் பாரம் கொழுக்கியை அமத்தும், பின்சில்லு நடுவில கம்பு மாதிரி நிண்டு முன்சில்லைத் தூக்கும். கொஞ்சத்தைப் பின்னுக்கு இழுத்து விடுங்கோ.

அடுத்தது கொழுவின உயரம். ட்ரக்டரின்ர பின்பக்கம் மேல நடுவில டொப் லிங்க் (கலப்பை மாதிரிச் சாமானைப் பிடிக்கிற மேல் கம்பி) கொழுவுற இடம் இருக்கு, அதில சங்கிலியையோ பெட்டியையோ கொழுவி இழுக்கவே கூடாது. பின் அச்சுக்கு மேலயிருந்து இழுத்தால் ட்ரக்டர் பின்னுக்குக் குத்துக்கரணம் அடிக்கும், ஒண்டு ரெண்டு செக்கனுக்குள்ள கதை முடிஞ்சிடும், கிளச் மிதிக்கவும் நேரம் வராது. சேத்தில புதைஞ்ச லொறியை இழுக்கப் போய், மரக்குத்தி பிடுங்கப் போய்த்தான் இந்தப் பிழையை விடுவினம். கீழ ட்ரோபாரிலதான் இழுவை, எப்பவும்.

ஹைட்ரோலிக்கால தூக்கிற கீழ் ரெண்டு கைக்கும் நடுவில ஓட்டை போட்ட பார் வைச்சு அதில பெட்டி கொழுவுறனீங்கள் எண்டால், ரெண்டு பக்கமும் ஸ்ரே கம்பி போட்டு பாரை அசையாமல் பூட்டியிருக்கா எண்டு பாருங்கோ. இல்லாட்டி ஹைட்ரோலிக் லீவரில கை தட்டுப்பட்டாலே பார் பெட்டி மூக்கோட மேல எழும்பும். அந்தப் பாரின்ர பின் சைஸும் கவனம், கட்டகரி (ட்ரக்டர் கொழுவல் அளவு வகுப்பு) 1க்கு கீழ் கைப் பின் 22 மில்லிமீற்றர், கட்டகரி 2க்கு 28. 28 ஓட்டைக்குள்ள 22 பின்னைப் போட்டு ஓடினால் சத்தத்துக்கு வேற காரணம் தேடத் தேவையில்லை.

இவ்வளவும் சரியா இருந்தும் முன்சில்லு தூக்குதெண்டால் பாரம் உங்கட ட்ரக்டருக்குக் கூட. ரெண்டு தரமா ஏத்துங்கோ.

பெட்டி வாலாட்டுது

ரயர் காத்து முதல், ரெண்டு பக்கமும் ஒரே அளவா எண்டு. அடுத்தது லோட் பின்னுக்குக் கூடிப் போச்சா எண்டு. மேல சொன்னதுக்கு நேர் எதிர் இது. கார், பிக்கப் பின்னால இழுக்கிற சின்ன ட்ரெயிலருக்கு மொத்தப் பாரத்தில நூற்றுக்கு 5 - 7 கிலோ அளவு மூக்கில அமந்தால் நல்லா ஓடும், அதாவது 500 கிலோ எண்டால் 25 - 35 கிலோ, குளியலறைத் தராசுக்கு மேல ஒரு கட்டையை நிமித்தி மூக்கை அதில வைச்சுப் பாக்கலாம். மூக்கு கையோட மேல எழும்புதெண்டால் கட்டாயம் ஆட்டும். வள்ளத்துக்கு என்ஜின் பின்னுக்கு இருக்கிறதால இது அடிக்கடி வரும், வள்ளத்தை ட்ரெயிலரில இன்னும் ஒரு முழம் முன்னுக்கு இழுத்து வையுங்கோ.

அதுக்கும் நிக்கேல்லை எண்டால் ஒரு சில்லை ஜொக்கியில தூக்கி மேலயும் கீழயும் பிடிச்சு ஆட்டுங்கோ, ஆடினால் பெயரிங். உப்புத்தண்ணிக்குள்ள இறங்கிற ட்ரெயிலருக்கு பெயரிங்தான் முதல்ல போறது. அச்சு வளைஞ்சிருந்தால் ரயர் ஒரு பக்கம் மட்டும் தேஞ்சிருக்கும், அதை கராச்சுக்கு விடுங்கோ.

ஓடேக்க ஆட்டம் தொடங்கினால் பிறேக்கை அமத்தாதேங்கோ, ஸ்ரேறிங்கை வெட்டவும் வேண்டாம், அக்சிலேற்றரை விட்டு நேரா பிடியுங்கோ.

லாண்ட்மாஸ்டர் இறக்கத்தில எதிர்ப்பக்கம் திரும்புது

இதைப் பிழை எண்டு கொண்டு வாறவை கனபேர். பிழை இல்லை. எங்கட ஊர் மட்டமான ஊர், அதால பழக்கம் இல்லை, பாலத்து இறக்கத்திலயோ மதகு இறக்கத்திலயோதான் தெரியும். மட்டத்தில இடக்கைக் கிளச்சைப் பிடிச்சால் இடச்சில்லுக்குப் போற பவர் நிக்கும், மிசின் இடப்பக்கம் திரும்பும். இறக்கத்தில பெட்டி பின்னால தள்ளுது, என்ஜின் சில்லைப் பிடிச்சு வைச்சிருக்கு, இடக்கிளச்சைப் பிடிச்சால் இடச்சில்லு பிடி விட்டு ஓடும், மிசின் வலப்பக்கம் திரும்பும். இறக்கத்துக்கு முதலே சின்னக் கியருக்கு வந்து, பக்கக் கிளச்சைத் தொடாமல் கைபிடியாலேயே திருப்பி, பெட்டிப் பிறேக்கைக் காலால அமத்திக்கொண்டு வாங்கோ.

மட்டத்திலயும் ஒரு பக்கம் இழுக்குதெண்டால்தான் பிழை. ரயர் காத்து, கிளச் கேபிள், கொழுக்கிப் பின், அந்த ஒழுங்கில பாருங்கோ.

போல் கொழுக்கி (வாகனத்தில உருண்டை, ட்ரெயிலரில அதை மூடுற கிண்ணம்) பூட்டுதில்லை, இல்லாட்டி பாஞ்சிடுது

வெளிநாட்டில இருந்து கொண்டந்த வள்ள ட்ரெயிலருக்கு இந்தப் பிரச்சினை. எங்கட பக்கம் கூடுதலா 50 மில்லிமீற்றர் போல். அமெரிக்கா ட்ரெயிலரின்ர கிண்ணம் 2 இஞ்சி, அதாவது 50.8, இல்லாட்டி 1 7/8 இஞ்சி, 47.6. கண்ணுக்கு எல்லாம் ஒண்டுதான். 50 கிண்ணத்துக்குள்ள 2 இஞ்சி போல் இறுகும், 2 இஞ்சிக் கிண்ணத்துக்குள்ள 50 போல் ஆடும், 47.6 கிண்ணம் மேல குந்தியிருக்குமே தவிர பூட்டாது. போலின்ர உச்சியிலயும் கிண்ணத்திலயும் சைஸ் குத்தியிருக்கும், ஊத்தையைத் துடைச்சு வாசியுங்கோ. இல்லாட்டி வேர்ணியரால ரெண்டு மூண்டு பக்கம் அளவுங்கோ, 50 போல் 49க்குக் கீழ போயிருந்தால் மாத்துங்கோ.

சைஸ் சரியெண்டால் கிண்ணத்துக்குள்ள மண், காய்ஞ்ச கிறீஸ் இருக்கும், மண்ணெண்ணெயில கழுவுங்கோ. கழுவினாப்பிறகு புதுக் கிறீஸ் கொஞ்சம். ஆட்டத்தைக் குறைக்கிற உரசுதட்டு வைச்ச கொழுக்கி எண்டால் மட்டும் கிறீஸ் படவே கூடாது.

பூட்டினாப்பிறகு நம்பாதேங்கோ, மூக்குச்சில்லைச் சுத்தி உயத்துங்கோ. ட்ரெயிலர் மூக்கோட சேந்து வாகனத்தின்ர பின்பக்கமும் எழும்பினால் பூட்டியிருக்கு. மூக்கு மட்டும் எழும்பினால் சும்மா குந்தியிருக்கு.

கொழுவினாப்பிறகு பின் லைற் ஒழுங்கா எரியுதில்லை

சிக்னல் போட்டால் மற்ற லைற்றெல்லாம் சேந்து மின்னுதெண்டால் ஏர்த் பிழை, வேற ஒண்டையும் பாக்காதேங்கோ. எங்கட பெட்டியளில ஏர்த்துக்கு வயரே ஓடுறேல்லை, ட்ரோபாரும் பின்னும்தான் ஏர்த். சத்தத்துக்கு வடிவாக் கிறீஸ் அடிச்ச அடுத்த நாள் லைற் மங்குதெண்டு வருவினம், என்னிலதான் பிழை எண்டும் சொல்லுவினம். பற்றறி மைனஸில இருந்து பெட்டி லைற் வரைக்கும் தனி வெள்ளை வயர் ஒண்டு ஓடுங்கோ, சரி.

ஒரு லைற் மட்டும் எரியேல்லை எண்டால் பல்பு, பிறகு பிளக்குக்குள்ள பச்சைப் பாசி. ஏழு பின் பிளக்கில மஞ்சள் இடச் சிக்னல், பச்சை வலச் சிக்னல், வெள்ளை ஏர்த், சிவப்பு பிறேக், கறுப்பு இடப்பக்கப் பின் லைற், மண்ணிறம் வலப்பக்கம், நீலம் பனி லைற். இது முறைப்படி வயர் ஓடின பிளக்குக்கு. ஊர்க் கடையில கையில கிடைச்ச நிறத்தில ஓடியிருந்தால் ரெஸ்ரரோட குந்தியிருந்துதான் தேடோணும். பியூஸ் போட்டவுடன திரும்பத் திரும்ப எரியுதெண்டால் வயர் சட்டத்தில உரஞ்சி வெட்டுப்பட்டிருக்கு, பெரிய பியூஸ் போடாமல் வயரிங் ஆளைக் கூப்பிடுங்கோ.

இடையில நிண்ட வாகனத்தை இழுக்கேக்க கயிறு அறுது

கயிறு அறுறதுக்குக் காரணம் அனேகமா வெட்டி இழுக்கிறது. மெல்ல எடுத்துக் கயிறு இறுகினாப்பிறகு இழுங்கோ. சக்கிள் (கயிறு கொழுவுற யூ வடிவ இரும்பு) போட்டால் அதின்ர உடம்பில எத்தினை தொன் எண்டு குத்தியிருக்கிறதைப் போடுங்கோ, குத்தாததை நம்பாதேங்கோ. போல் கொழுக்கியில கயிறு போட்டுச் சேத்துக்குள்ளால இழுக்க வேண்டாம், போல் முறிஞ்சால் குண்டு மாதிரி வரும். கயிறு இறுகியிருக்கேக்க பக்கத்தில நிண்டு வேடிக்கை பாக்கிறவையையும் கலையுங்கோ.

காருக்கு முன் பம்பரில ஒரு சின்ன மூடி இருக்கும், ஸ்பெயார் வீல் பக்கம் கிடக்கிற வளையத்தை அதில முறுக்கோணும், சில ஐரோப்பாக் காருக்கு இடப்பக்கப் புரி, எதிர்ப்பக்கம் முறுக்கிப் பாத்திட்டுப் பேசுங்கோ. அக்குவா, பிறியஸ் மாதிரி ஹைபிறிட் எண்டால் முன்சில்லு தரையில உருள இழுக்கவே வேண்டாம், சில்லு சுத்த உள்ள மோட்டரும் சுத்தும், அது கெட்டால் கரியர் லொறிக்குக் குடுக்கிற காசைப் போல எத்தினையோ மடங்கு. கரியருக்குக் கோல் எடுத்திட்டு நிழலில நில்லுங்கோ.